ஆந்தைக்குப் பிடித்த சனி!

தீபாவளி வந்தால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். ஆந்தைகளுக்குத் திண்டாட்டம்!

ஒவ்வொரு ஆண்டும் தீபாவளி நெருங்கினால் வட மாநிலங்களில் வனத்துறை அதிகாரிகள் உஷார் ஆகிவிடுவார்கள். பறவைச் சந்தைகளில் சோதனை போடுவார்கள். காட்டு ஓரங்களில் ரோந்து சுற்றுவார்கள். மரம் வெட்டுகிற திருடனைப் பிடிக்க அல்ல. ஆந்தை பிடிக்கிற திருடனைப் பிடிக்க!

தீபாவளி அமாவாசை இரவில் ஆந்தையைப் பலி கொடுத்தால் வீட்டில் பணம் கொட்டும் என்று அங்கே சிலர் நம்புகிறார்கள். அப்படி நம்ப வைக்கிறவர்கள் மந்திரவாதிகள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆந்தை, லட்சுமியின் வாகனம். வங்காளத்தில் லட்சுமி படத்தைப் பார்த்தால், பக்கத்தில் ஒரு வெள்ளை ஆந்தை உட்கார்ந்திருக்கும். அந்த வாகனத்தைக் கொன்றுவிட்டால் லட்சுமி வீட்டை விட்டுப் போக முடியாது, அங்கேயே தங்கிவிடுவாள். இதுதான் மந்திரவாதி போடும் கணக்கு.

வீட்டுக்கு வந்த விருந்தாளி திரும்பிப் போகக் கூடாது என்று அவருடைய சைக்கிளை உடைத்துப் போட்டால், அவர் சந்தோஷமாகத் தங்குவாரா? இந்தக் கேள்வியை மந்திரவாதியிடம் யாரும் கேட்பதில்லை!

கண்ணீருக்கும் விலை

இந்த வியாபாரம் இருட்டில் நடக்கிறது. ரசீது கிடையாது. ஆகவே முழுக் கணக்கு கிடைப்பது கஷ்டம். ஆனாலும் 2010-ம் ஆண்டு ஓர் அறிக்கை வெளிவந்தது. காட்டு உயிர்களின் வியாபாரத்தைக் கண்காணிக்கும் "டிராபிக்" என்ற அமைப்பு அதை வெளியிட்டது. ஆராய்ச்சி செய்தவர் அப்ரார் அகமது என்ற பறவை நிபுணர்.

இந்தியாவில் உள்ள ஆந்தைகள் 30 வகை என்று அந்த அறிக்கை கணக்கிட்டது. அவற்றில் 15 வகைகள் உயிரோடு விற்கப்படுவதாகக் கூறியது. அதாவது, பாதிக்குப் பாதி!

மண்டை ஓடு, இறகு, நகம், அலகு, எலும்பு, ஈரல், இதயம், ரத்தம், கொழுப்பு, முட்டை ஓடு... எதையும் மந்திரவாதி விட்டு வைப்பதில்லை. ஆந்தையின் கண்ணீர்கூட அந்தப் பட்டியலில் இருந்தது!

பெரிய ஆந்தை என்றால் கிராக்கி அதிகம். அதிலும் தலையில் கொம்பு இருந்தால் இன்னும் அதிகம். அது உண்மையில் கொம்பு அல்ல. காதும் அல்ல. தலையில் குத்திட்டு நிற்கும் இறகுக் கொத்து. மரத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒடிந்த கிளைபோலத் தோன்றி எதிரியை ஏமாற்ற அது உதவுகிறது. காட்டில் பறவையைக் காப்பாற்றும் அந்த இறகே சந்தையில் அதற்கு எமனாகிறது.

தமிழ்நாட்டில் ஆந்தையை இப்படிப் பலி கொடுக்கும் வழக்கம் பெரிதாக இல்லை. ஆனால் இங்கே ஆந்தைக்குக் கல்லடி உண்டு. "கூரைமேல் ஆந்தை அலறுகிறது, விரட்டு!" என்று பாட்டி சொன்னால் பேரன் கல்லை எடுத்துவிடுவான். எத்தனை தடவை அலறினால் என்ன பலன் என்று கணக்கு வைத்திருக்கும் ஊர்களும் உண்டு. ஓர் அலறலுக்குச் சாவு, இன்னோர் அலறலுக்குக் கல்யாணம் என்று அந்தக் கணக்கு ஓடும்!

சாவு வீட்டு ரகசியம்

நோயாளி படுத்திருக்கும் வீட்டுப் பக்கம் ஆந்தை வந்து கத்துகிறது. இரண்டு நாளில் நோயாளி இறந்துவிடுகிறார். இதைக் கண்ணால் கண்டவர்கள் பலர் இருக்கலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. காரணத்தைத்தான் தவறாகப் புரிந்துகொண்டார்கள்.

மின்சாரம் இல்லாத காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். இருட்டியதும் சாப்பிட்டுவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, எல்லாரும் படுத்துவிடுவார்கள். ஊரில் விடிய விடிய விளக்கு எரிவது எந்த வீட்டில்? நோயாளி இருக்கும் வீட்டில்! விளக்கைத் தேடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளைத் தேடிச் சின்ன ஆந்தை வரும். வந்த இடத்தில் தன் ஜோடியைக் கூப்பிடும். ஆந்தை எமனுக்குத் தூது வரவில்லை. பூச்சி தின்ன வந்தது!

இந்தச் சின்ன ஆந்தைக்குப் புள்ளி ஆந்தை என்று பெயர். மைனா அளவுதான் இருக்கும். உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஊருக்குள் இருக்கும் மரப்பொந்துகளில் குடியிருக்கும். மாலையில் வெளியே வந்து தலையை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கும்.

கூகை வேறு ரகம். முகம் வெள்ளை. இரண்டாக வெட்டிய ஆப்பிள் பழம்போல இருக்கும். வயிறும் வெள்ளை. கோயில் கோபுரத்திலும், பாழடைந்த பங்களாவிலும் தங்கும். சத்தமே இல்லாமல் பறக்கும். திடீரென்று "கிறீச்" என்று கத்தும். நள்ளிரவில் பாழ் மண்டபத்து வாசலில் ஒரு வெள்ளை உருவம் மிதந்துவந்து அலறினால், பார்த்தவன் என்ன நினைப்பான்? பேய் என்றுதான் ஓடுவான்! ஊரில் உலவும் பேய்க் கதைகளில் கூகையின் பங்கு எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

ராஜா ஆக இருந்த பறவை

ஆந்தைக்குக் கெட்ட பெயர் வந்ததில் கதைகளுக்கும் பங்கு உண்டு. அவற்றில் பெரிய கதை பஞ்சதந்திரத்தில் இருக்கிறது.

பறவைகள் எல்லாம் கூடி ஒரு ராஜாவைத் தேர்ந்தெடுக்க விரும்பின. ஆந்தையைத் தேர்ந்தெடுத்தன! பட்டாபிஷேகத்துக்கு எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. அந்த நேரம் பார்த்து ஒரு காக்கை வந்தது. "சந்தோஷமாக இருக்கும்போதே இவர் மூஞ்சி இப்படி இருக்கிறது. கோபம் வந்தால் எப்படி இருக்கும்?" என்கிற மாதிரி ஒரு கேள்வியைப் போட்டது. பறவைகள் யோசித்தன. கூட்டம் கலைந்தது. ஆந்தையின் பதவி போயிற்று. அன்று தொடங்கியதாம் காக்கைக்கும் ஆந்தைக்கும் பகை. புத்த ஜாதகக் கதைகளிலும் இதே கதை உண்டு.

அதன் பிறகு யுத்தம். ஆந்தைகள் இரவில் வந்து காக்கைகளைக் கொன்றன. காக்கை மந்திரி ஒரு தந்திரம் செய்தது. தன் கூட்டம் தன்னை அடித்து விரட்டிவிட்டதுபோல நடித்து, ஆந்தைகளின் குகையில் அடைக்கலம் புகுந்தது. கூடு கட்டப் போவதாகச் சொல்லிக் குகை வாசலில் சுள்ளிகளைக் குவித்தது. ஒரு நாள் பகலில், ஆந்தைகள் கண் தெரியாமல் முடங்கிக் கிடந்தபோது, காக்கைகள் தீ வைத்துவிட்டன.

இந்தக் கதையைப் படிக்கிற குழந்தை யார் பக்கம் நிற்கும்? காக்கையின் பக்கம்தான். ஜெயித்தது காக்கை அல்லவா!

கதையில் ஒரு பாதி உண்மை. பகலில் ஆந்தை வெளியே தெரிந்துவிட்டால் காக்கைகள் கூட்டமாக வந்து கொத்தி விரட்டும். இன்றும் எந்த ஊரிலும் இதைப் பார்க்கலாம். திருவள்ளுவரும் பார்த்திருக்கிறார். "காலம் அறிதல்" என்ற அதிகாரத்தின் முதல் குறளிலேயே, பகலில் கூகையைக் காக்கை ஜெயித்துவிடும் என்கிறார். அங்கே அவர் கூகையைக் கேவலமாகப் பேசவில்லை. நேரம் பார்த்து வேலை செய் என்று அரசனுக்குப் புத்தி சொல்கிறார்.

மறு பாதி தவறு. ஆந்தைக்குப் பகலில் கண் தெரியும். குருடு அல்ல. இரவெல்லாம் உழைத்துவிட்டுப் பகலில் தூங்குகிறது. மில்லில் இரவு ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவரை யாராவது குருடர் என்பார்களா?

பழந்தமிழர் எல்லாரும் ஆந்தையை வெறுத்ததாகவும் சொல்ல முடியாது. புறநானூற்றில் பாட்டுப் பாடிய ஒரு புலவரின் பெயரே கூகைக்கோழியார்! பஞ்சபட்சி சாஸ்திரத்தில் வரும் ஐந்து பறவைகளில் ஆந்தையும் ஒன்று. அதாவது, சோதிடம் பார்க்க ஆந்தை வேண்டும். கூரைமேல் உட்கார மட்டும் கூடாது!

ஊருக்கு ஊர் ஆந்தைக்கு வேறு வேறு பெயர். இந்தியில் ஒருவனை "உல்லு" என்று திட்டினால் முட்டாள் என்று பொருள். "உல்லு" என்றால் ஆந்தை. கிரேக்க நாட்டில் இதற்கு நேர் எதிர். அங்கே அறிவுத் தெய்வமான அதீனாவின் பறவை ஆந்தை. பழைய ஏதென்ஸ் நாணயத்தில் ஆந்தை உண்டு. கிரீஸ் நாடு வெளியிடும் 1 யூரோ நாணயத்திலும் அதே ஆந்தை இருக்கிறது. ஓர் ஊரில் மேதை. ஓர் ஊரில் முட்டாள். ஓர் ஊரில் பேய். ஆந்தை எல்லா ஊரிலும் ஒன்றுதான். எலி பிடிக்கும் பறவை.

வந்தான் ஹாரி பாட்டர்!

இப்படி இருந்த ஆந்தைக்குத் திடீரென்று ஒரு நல்ல காலம் பிறந்தது. பிறந்ததுபோலத் தோன்றியது.

1997-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஹாரி பாட்டர் கதையின் முதல் புத்தகம் வெளிவந்தது. எழுதியவர் ஜே.கே.ரோலிங் என்ற பெண்மணி. மந்திரப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் ஒரு பையனின் கதை. அந்தப் பையனிடம் ஹெட்விக் என்ற வெள்ளை ஆந்தை இருக்கும். அந்த உலகத்தில் ஆந்தைதான் தபால்காரர்! கடிதத்தைக் கொண்டுபோய் உரியவரிடம் சேர்க்கும். எசமான் துயரப்படும்போது துணையாக இருக்கும்.

2001-ல் சினிமாவும் வந்துவிட்டது. உலகம் முழுவதும் குழந்தைகள் ஆந்தையை நேசிக்கத் தொடங்கினார்கள். பேய்ப் பறவை என்று பயந்த காலம் போய், "அப்பா, எனக்கு ஓர் ஆந்தை வேண்டும்" என்று கேட்கும் காலம் வந்தது.

அப்ரார் அகமதுவுக்கே இந்த அனுபவம் ஏற்பட்டது. வசதியான குடும்பத்துப் பெண்மணி ஒருவர் அவரிடம் ஒரு வெள்ளை ஆந்தை கேட்டார். எதற்கு? மகனுடைய 10-வது பிறந்த நாள் விழாவுக்கு! ஹாரி பாட்டர் கதைபோல விழாவை நடத்த வேண்டுமாம்.

2010-ல் அறிக்கையை வெளியிட்டபோது, அன்றைய மத்திய சுற்றுச்சூழல் மந்திரி ஜெய்ராம் ரமேஷ் இதைப் பற்றியும் பேசினார். ஹாரி பாட்டர் மோகத்தால் நகரத்து நடுத்தரக் குடும்பங்களிலும் குழந்தைகளுக்கு ஆந்தை பரிசு கொடுக்கும் ஆசை வந்திருப்பதாகக் கவலை தெரிவித்தார்.

ஹெட்விக் இனத்தைச் சேர்ந்த பனி ஆந்தை இந்தியாவில் வாழும் பறவையே அல்ல. வட துருவத்தை ஒட்டிய குளிர்ப் பிரதேசத்தில் வாழ்வது. சென்னை வெயிலிலோ டெல்லி வெயிலிலோ அது என்ன பாடுபடும்! ஆகவே வெள்ளை ஆந்தை கேட்கிறவருக்கு வியாபாரி எதைக் கொடுப்பான்? இங்கே கிடைக்கும் கூகையைத்தான் பிடித்துக்கொண்டு வருவான்.

ரோலிங் அம்மையார் இதைக் கேள்விப்பட்டு வருந்தினார். என் கதையைப் படித்துவிட்டு ஆந்தையைக் கூண்டில் அடைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் கதை ஊர் ஊராகப் போனது. எழுதியவர் சொன்ன புத்திமதி அவ்வளவு தூரம் போகவில்லை.

ஜாவாவில் நடந்தது

இந்தோனேசியாவில் ஆந்தைக்கு "புருங் ஹந்து" என்று பெயர். பேய்ப் பறவை என்று பொருள். தமிழ்நாட்டு எண்ணமேதான்! ஜாவா, பாலி தீவுகளில் பறவைச் சந்தைகள் மிகவும் பெரியவை. கூண்டுப் பறவை வளர்ப்பது அங்கே பரம்பரை வழக்கம். ஆனாலும் பேய்ப் பறவையை யார் வாங்குவார்கள்? சந்தையில் ஆந்தை அபூர்வம்.

ஹாரி பாட்டர் புத்தகமும் படமும் அங்கே போயின. சில ஆண்டுகளில் சந்தையில் ஆந்தையின் பெயரே மாறிவிட்டது. "புருங் ஹாரி பாட்டர்" என்று கூவி விற்றார்கள்!

நைமன், நெகாரிஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அங்குள்ள சந்தைகளை ஆண்டுக்கணக்கில் சுற்றிக் கணக்கெடுத்தார்கள். 2017-ல் அதை வெளியிட்டார்கள். 2001-க்கு முன்பு ஆண்டுக்குச் சில நூறு ஆந்தைகள் விற்றன. 2016-ல் அந்த எண்ணிக்கை 13 ஆயிரத்தைத் தாண்டியதாக அவர்கள் மதிப்பிட்டார்கள். பெரும்பாலும் காட்டில் பிடித்த பறவைகள்.

பழியை ஹாரி பாட்டர் தலையில் மட்டும் போட முடியாது என்பதும் உண்மை. செல்லப் பறவை வளர்ப்பவர்கள் இணையத்தில் கூடிப் படம் காட்டி ஆசையைத் தூண்டியதும் ஒரு காரணம். ஆனால் பேய் என்று பயந்த ஒரு பறவையைக் கையில் எடுத்துக் கொஞ்சலாம் என்ற எண்ணத்தை விதைத்தது அந்தக் கதை.

பயம் இருந்தவரை ஆந்தை காட்டில் இருந்தது. பயம் போனதும் கூண்டுக்கு வந்துவிட்டது!

ஜப்பானில் இன்னொரு கூத்து. ஜப்பானிய மொழியில் ஆந்தைக்கு "புகுரோ" என்று பெயர். "கஷ்டம் இல்லை" என்ற சொல்லும் அதே ஒலியில் வரும். ஆகவே ஆந்தை பொம்மை வைத்தால் அதிர்ஷ்டம் என்று நம்புகிறார்கள். பொம்மையோடு நின்றிருந்தால் நல்லது. "ஆந்தை காப்பிக் கடை" என்று புதிதாகத் தொடங்கினார்கள். உள்ளே வரிசையாக ஆந்தைகள் உட்கார்ந்திருக்கும். காலில் கயிறு கட்டியிருக்கும். காசு கொடுத்தவர் தொட்டுப் பார்க்கலாம், தலையைத் தடவலாம், படம் எடுத்துக்கொள்ளலாம். பகலில் தூங்க வேண்டிய பறவை, பளிச்சென்ற விளக்கின் கீழே, முன்பின் தெரியாதவர்களின் கைக்கு ஈடு கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பறவையின் கஷ்டம் யாருக்குத் தெரிகிறது? ஆந்தைக்கு முகபாவம் மாறாது. அழுதாலும் அதே முகம்தான்.

ஏன் வளர்க்க முடியாது?

கிளியையும் புறாவையும் பழக்குவதுபோல ஆந்தையைப் பழக்க முடியாதா என்று குழந்தைகள் கேட்கலாம். ஆந்தையின் உடம்பு எப்படி அமைந்திருக்கிறது என்று தெரிந்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

ஆந்தையின் கண் உருண்டை அல்ல, குழாய்போல நீண்டது. கண்ணை இப்படியும் அப்படியும் உருட்ட முடியாது. அதனால்தான் ஆந்தை முறைத்துப் பார்ப்பதாகத் தோன்றுகிறது. பக்கத்தில் இருப்பதைப் பார்க்கக் கழுத்தைத் திருப்ப வேண்டும். மனிதனுக்குக் கழுத்தில் 7 எலும்பு. ஆந்தைக்கு 14! முக்கால் வட்டம் திருப்பிவிடும்.

கூகையின் காதுகள் இன்னும் அதிசயம். ஒரு காது சற்று மேலே. ஒரு காது சற்றுக் கீழே. சத்தம் எந்தக் காதுக்கு முதலில் வந்தது, எதில் பலமாகக் கேட்டது என்று பார்த்து, எலி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும்.

இதை ராஜர் பெய்ன் என்ற அமெரிக்க விஞ்ஞானி சோதனை செய்து காட்டினார். துளி வெளிச்சமும் இல்லாத ஓர் அறை. தரையில் காய்ந்த சருகுகள். அதில் ஓர் எலியை விட்டார். சருகு சலசலத்தது. கூகை பாய்ந்தது. எலி காலி! மூக்கால் மோந்து பிடித்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. எலிக்குப் பதிலாகக் கசக்கிய காகிதத்தைச் சருகின்மேல் இழுத்துப் பார்த்தார். கூகை காகிதத்தின்மேல் பாய்ந்தது! காதை மட்டும் நம்பி வேட்டையாடுகிறது என்பது உறுதியாயிற்று. இந்தப் பெய்ன்தான் பிற்காலத்தில் திமிங்கிலங்களின் பாட்டைப் பதிவு செய்து உலகப் புகழ் பெற்றவர்.

இறகின் விளிம்பில் சீப்புப் பல்போன்ற அமைப்பு உண்டு. மேலே வெல்வெட் துணிபோல மெத்தென்று இருக்கும். காற்றைக் கிழிக்கும் சத்தம் எழாது. தான் வருவது எலிக்குத் தெரியாது. எலி நகர்வது தனக்குத் தெரியும். இப்படிப்பட்ட காதுள்ள பறவையைத் தெருவோர வீட்டில், ரேடியோ, டெலிவிஷன், மோட்டார் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அடைத்து வைத்தால் அதன் கதி என்ன?

சாப்பாடும் பெரிய பாடு. கூகை பழம் தின்னாது. தயிர்ச் சாதம் தின்னாது. எலியை முழுசாக விழுங்கும். ஜீரணம் ஆகாத எலும்பையும் மயிரையும் உருண்டையாக்கி வாயால் கக்கிவிடும். அந்த உருண்டையைப் பிரித்துப் பார்த்தே, எந்தெந்த எலியை எத்தனை தின்றது என்று விஞ்ஞானிகள் கணக்குச் சொல்லிவிடுவார்கள். தமிழ்நாட்டு வயல்களிலும் அப்படி ஆராய்ந்திருக்கிறார்கள். உருண்டைகளில் பெரும்பகுதி வயல் எலியும் சுண்டெலியும்தான்.

சம்பளம் கேட்காத காவல்காரன்

எலி செய்யும் நாசத்தை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தின்பது கொஞ்சம், வெட்டிப் போடுவது அதிகம், வளையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதைவிட அதிகம். தஞ்சாவூர்ப் பக்கம் கிட்டி வைப்பார்கள். விஷமும் வைப்பார்கள்.

விஷத்தில் ஓர் ஆபத்து உண்டு. சில வகை மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. தள்ளாடிக்கொண்டு வெளியே திரியும். ஆந்தைக்குச் சுலபமாக அகப்படும். அந்த எலியைத் தின்ற ஆந்தையும் சாகும். எதிரியைக் கொல்லப் போய் காவல்காரனைக் கொன்ற கதை!

நெல் வயலில் உயரமான குச்சியோ, தென்னை மட்டையோ நட்டு வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் உண்டு. இரவில் ஆந்தை அதில் வந்து உட்காரும். வரப்பைக் கவனிக்கும். ஓர் எலி அசைந்தால் போதும். ஓர் இரவில் இரண்டு மூன்று எலிகளைத் தின்பது ஒரு கூகைக்குச் சர்வசாதாரணம். கூட்டில் குஞ்சுகள் இருந்தால் விடிய விடிய எலி சுமக்கும். கூகைக் குஞ்சுகள் நாலைந்து இருக்கும். எல்லாம் பெரும் பசிக்காரர்கள்!

ஆந்தைக்குக் காட்டும் இந்த மரியாதை வயலோடு நின்றுவிடுகிறது என்பதுதான் வருத்தம். வயலில் குச்சி நட்டு வரவேற்கும் அதே குடும்பம், வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்தால் விரட்டுகிறது.

தளபதி செய்த வேலை

பயத்தைப் போக்க முடியாதா? முடியும் என்று ஜோர்டான் நதிக் கரையில் காட்டியிருக்கிறார்கள்.

1983-ம் ஆண்டு. இஸ்ரேல் நாட்டில் ஒரு கூட்டுப் பண்ணை. எலித் தொல்லை தாங்க முடியவில்லை. விஷம் வைத்தால் மற்றப் பறவைகளும் செத்தன. யோசி லெஷெம் என்ற பறவை விஞ்ஞானியும் மற்றவர்களும் வயல் ஓரங்களில் மரப்பெட்டிகளை வைத்தார்கள். கூகை வந்து குடியேறியது. முட்டை இட்டது. குஞ்சு பொரித்தது. எலி குறைந்தது, விஷச் செலவும் குறைந்தது. பெட்டிகள் வளர்ந்து வளர்ந்து ஆயிரக்கணக்கில் ஆயின.

நதிக்கு அக்கரையில் ஜோர்டான் நாடு. ஆந்தைக்குப் பாஸ்போர்ட் கிடையாது! இக்கரையில் பிறந்த கூகை அக்கரைக்குப் பறந்தது. அங்கே விஷ எலியைத் தின்றால் சாகும். கல்லடி பட்டாலும் சாகும். அரபு மக்களிடையேயும் ஆந்தை அபசகுனம்தான். பாட்டிகள் எல்லா நாட்டிலும் பாட்டிகள்தானே!

ஜோர்டான் ராணுவத்தில் ஜெனரலாக இருந்து ஓய்வு பெற்ற மன்சூர் அபு ரஷீத் இந்த வேலையில் இறங்கினார். விவசாயிகளைப் பார்த்துப் பேசினார். ஆந்தை கெட்டது என்று சொன்னவர்களிடம் எலிக் கணக்கைக் காட்டினார்கள். 2000-க்குப் பிறகு ஜோர்டான் வயல்களிலும் பெட்டிகள் வந்தன. இரண்டு நாட்டுக்கும் நடுவே எத்தனையோ பூசல். ஆனாலும் ஆந்தைப் பெட்டிக்காக இரண்டு பக்கத்து விவசாயிகளும் ஒன்றாக உட்கார்ந்து பேசினார்கள்.

இங்கே யாரும் ஆந்தையைக் கொஞ்சவில்லை. கூண்டில் அடைக்கவில்லை. பெட்டிக்குக் கதவு கிடையாது. வருகிற ஆந்தை வரும். போகிற ஆந்தை போகும். ஜாவாவுக்கும் ஜோர்டானுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கதவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஆந்தையைப் பிடிப்பதும், விற்பதும், வாங்குவதும், வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். 1972-ம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அப்படிச் சொல்கிறது. சிறைத் தண்டனை உண்டு. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, பொதுவான குற்றங்களுக்கான அபராதத்தை 25 ஆயிரம் ரூபாயிலிருந்து 1 லட்சம் ரூபாய் வரை உயர்த்தினார்கள். பிறந்த நாள் பரிசு வாங்கிக் கொடுத்த தகப்பனாரும் தப்ப முடியாது!

ஆனால் சட்டம் இருந்தும் தீபாவளிக்குத் தீபாவளி சோதனை போட வேண்டியிருக்கிறது. வாங்க ஆள் இருக்கிற வரையில் விற்க ஆள் இருக்கும்.

இன்னொரு சங்கடம் சத்தமில்லாமல் நடக்கிறது. பொந்துள்ள பழைய மரங்கள் சாலைக்காக விழுகின்றன. மொட்டைப் பனை அடுப்புக்குப் போகிறது. பழைய கட்டிடத்தைப் புதுப்பிக்கும்போது ஓட்டைகளை எல்லாம் சிமெண்டு வைத்து அடைத்துவிடுகிறார்கள். குடியிருக்க இடம் இல்லாத ஆந்தை, வீட்டு மாடத்துக்கும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி இடுக்குக்கும் வருகிறது. உடனே வீட்டில் கலவரம்.

அப்படி வந்தால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். அதன் பாட்டுக்கு இருந்துவிட்டு எலி பிடிக்கப் போய்விடும்.

தரையில் குஞ்சு கிடந்தால்? அதை அநாதை என்று நினைத்துவிடக் கூடாது. பறக்கப் பழகும் குஞ்சு கீழே விழுவது சகஜம். தாய் பக்கத்திலேயே இருக்கும். மனிதர் நிற்பதால் வராது. நாயும் பூனையும் அண்டாதபடி ஒரு கிளையிலோ மதில்மேலோ வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். பால் ஊற்றக் கூடாது. சோறு ஊட்டக் கூடாது.

பெரிய ஆந்தையைக் காக்கைகள் கொத்தித் தரையில் தள்ளிவிட்டால், அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மெல்லத் தூக்கலாம். நகம் கூர்மையானது; குழந்தைகள் தொடக் கூடாது. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வைத்து, இருட்டான மூலையில் விட்டுவிட வேண்டும். காயம் இருந்தால் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். காயம் இல்லாவிட்டால், காக்கைகள் அடைந்தபின், பொழுது சாய்ந்ததும் பெட்டியைத் திறந்து வைத்தால் போதும்.

கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கும். தலையை ஒரு சுற்றுச் சுற்றும். பிறகு, சிறகடிக்கும் சத்தம்கூடக் கேட்காமல், போய்விடும்.